தாடிக்கொம்பில் ஒரு சங்கீதப் பரீட்சை

திண்டுக்கல் என்றவுடன் உங்களுக்கு எது ஞாபகத்துக்கு வருகிறது? பூட்டு என்பீர்கள். அந்தப் பூட்டுக்கு 2019ஆம் வருஷம் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தாயிற்று. வீட்டிலுள்ள இளவட்டங்களைக் கேட்டால் பிரியாணி என்பார்கள். சரித்திரம் படித்தவர்கள் மலைக்கோட்டையைச் சொல்வார்கள். எனக்கு மட்டும் இனிமேல் கரண்ட் ஒயர்தான் ஞாபகத்துக்கு வரும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

போன மாதம் ஒருநாள் காலை, காரியாலயத்துக்குக் கிளம்பிக் கொண்டிருந்த சமயத்தில் அக்காளிடமிருந்து டெலிபோன் வந்தது. அக்காளும் அத்தானும் தாடிக்கொம்பில் இருக்கிறார்கள். பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அத்தான் சொந்த ஊருக்கே வந்து, தகப்பனார் கட்டிய பழைய வீட்டில் குடியேறி விட்டார்.

"நீ பத்திரிகைக்காரிதானே? ஊர்ச் சமாசாரத்தையெல்லாம் விசாரிச்சு எழுதறியே, எனக்காக ஒண்ணு விசாரிச்சுச் சொல்லு. ஒயரை மாத்தினா பாட்டு நல்லாக் கேக்குமா?" என்றாள் அக்காள்.

"எந்த ஒயர் அக்கா?"

"கரண்ட் ஒயர்தான். சுவத்துல சொருகறோமே, அது. ரெண்டு மீட்டர் நீளம். விலை அறுபத்தஞ்சாயிரமாம்."

நான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்து விட்டது. மறுபடி கேட்டேன். அதே அறுபத்தைந்தாயிரம்தான். அதோடு போகவில்லை. மின்சாரத்தைச் சுத்தப்படுத்துகிற பெட்டி ஒன்றும் கூட வருகிறதாம். பவர் கண்டிஷனர் என்று அதற்குப் பெயர். இரண்டும் சேர்ந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பெங்களூரிலிருந்து ஒரு வியாபாரி, "ஒரு வாரம் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பிடித்தால் பணம் கொடுங்கள்" என்று இரண்டையும் கொடுத்து விட்டுப் போயிருக்கிறார்.

"மூணு வருஷமா வீட்டு வயரிங்கை மாத்தணும்னு சொல்லிட்டு இருக்கேன். அதுக்குன்னு சேர்த்து வெச்ச பணம் அது. உங்க அத்தானுக்குப் பாட்டு கேக்கற ஆசை இருக்கட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா, எனக்கு வித்தியாசம் தெரியலையேன்னு சொன்னதுக்கு, 'உனக்குக் காது கிடையாது'ன்னுட்டார்" என்றாள். கடைசி வார்த்தைகளில் குரல் சற்றுக் கம்மியது.

முப்பத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அவள் என்னிடம் புகார் சொன்னது இது இரண்டாவது தடவை. முதல் தடவை என்ன என்பது நமக்கு இப்போது வேண்டாம். சனிக்கிழமை பஸ் ஏறி விட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே, கரூர் போகும் சாலையில் எட்டு ஒன்பது கிலோமீட்டர் போனால் தாடிக்கொம்பு. வெயில் காய்கிற சமவெளி. தென்மேற்கே திரும்பினால் பழனி மலைத்தொடர் நீலமாகத் தெரியும். ஊரை ஒட்டிக் குடகனாறு. ஆறு என்று பெயர் சொல்கிறேனே தவிர, வருஷத்தில் பல மாதங்கள் அதில் மணலையும் கருவேல மரங்களையும்தான் பார்க்கலாம். மழை பெய்தால் தண்ணீர் வந்து, கரூர் ஜில்லாவில் அமராவதியோடு போய்ச் சேரும். பக்கத்திலேயே அகரம். அங்குள்ள முத்தாலம்மன் திருவிழாவுக்கு வராத சுற்றுவட்டார ஜனங்கள் இல்லை என்று சொல்லலாம்.

தாடிக்கொம்புக்குப் போய்விட்டு, சௌந்தரராஜப் பெருமாளைப் பார்க்காமல் திரும்பினால் பாவம் வந்து சேரும். மண்டூக முனிவருக்காக அழகர்மலைப் பெருமாளே இங்கே வந்து எழுந்தருளினார் என்பது தலவரலாறு. தாயாருக்குக் கல்யாண சௌந்தரவல்லி என்று திருநாமம். தேய்பிறை அஷ்டமியன்று சொர்ண ஆகர்ஷண பைரவர் சந்நிதியில் நிற்க இடம் இருக்காது. நான் போனது சாதாரண நாள். ஆகையால் சிற்ப மண்டபத்தை ஆற அமரப் பார்க்க முடிந்தது.

அந்த மண்டபத்தைப் பற்றி எழுதுவதென்றால் அதற்கே தனிக் கட்டுரை வேண்டும். விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. தூணும் சிலையுமாக ஒரே கல்லில் செதுக்கி, ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்தியிருக்கிறார்கள். இரணியனை மடியில் போட்டுக் கொண்ட நரசிம்மம், உலகளந்த பெருமாள், கருடன் மேல் விஷ்ணு, கார்த்தவீரியார்ஜுனன், பெருமாள் கோயிலிலே ஊர்த்துவ தாண்டவம் ஆடுகிற சிவபெருமான்! ரதியையும் மன்மதனையும் கல்யாணம் கூடவேண்டும் என்று வேண்டிக் கொள்கிறவர்கள் சுற்றி வருகிறார்கள். ரதியின் கழுத்து மாலைகளைப் பாருங்கள். நம்மூர் நகைக்கடையில் அந்த டிசைனைக் காட்டினால் செய்கூலியைக் கேட்டே மயக்கம் வரும்.

அத்தான் என்னோடு வந்திருந்தார். தூண்களைப் பார்த்துக் கொண்டே, "மதுரையிலே கல்தூணைத் தட்டினா ஸ்வரம் வருது. நெல்லையப்பர் கோயில்லேயும் வருது. கல்லிலேயே சங்கீதம் இருக்கும்போது ஒயரிலே இருக்கக் கூடாதா அம்மா?" என்று கேட்டார். கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்து விட்டது. "வீட்டுக்குப் போய்ப் பேசலாம் அத்தான்" என்றேன்.

அத்தானை ஏமாளி என்று நினைத்து விடாதீர்கள். அவர் நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருந்தது. 2012ஆம் வருஷம் ஞாபகம் இருக்கிறதல்லவா? சென்னைக்கு வெளியே நாளைக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தோமே, அந்த வருஷம். அப்போது அத்தான் மலிவாக ஓர் இன்வெர்ட்டர் வாங்கினார். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியதும், ஸ்பீக்கரில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு வண்டு ஒன்றும் கச்சேரி செய்ய ஆரம்பித்து விட்டதாம். பிறகு கொஞ்சம் விலை கூடிய 'சைன் வேவ்' இன்வெர்ட்டர் மாற்றியதும் வண்டு பறந்து போயிற்று. இது கற்பனை அல்ல. நம் வீட்டுக்கு வருகிற மின்சாரம் வினாடிக்கு 50 தடவை அலை அலையாக ஏறி இறங்குவது. மலிவு இன்வெர்ட்டர்கள் அந்த அலையைச் சதுரம் சதுரமாகக் கொடுத்து விடும். அதைத் தாங்காமல் டிரான்ஸ்ஃபார்மர்கள் முனகும், பெட்டிகள் இரையும். மின்சாரம் கெட்டால் பாட்டும் கெடும் என்று அத்தான் தம் காதாலேயே கேட்டிருக்கிறார். அப்படியானால், மின்சாரம் இன்னும் நன்றாக ஆக, பாட்டும் இன்னும் நன்றாக ஆகாதா? அவர் தர்க்கம் இதுதான்.

இந்த இடத்தில் உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு நிமிஷம் வாருங்கள். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது அல்லவா? தெருக் குழாயிலிருந்து வருகிற தண்ணீர் விட்டு விட்டு வரும், வேகமாக வரும், சொட்டுச் சொட்டாகவும் வரும். ஆனால் நீங்கள் குளியலறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஒரே சீராக விழுகிறது. காரணம், நடுவிலே தொட்டி நிற்கிறது. பாட்டுப் பெட்டியான ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் இப்படித்தான். சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட்டை முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கிறது. பிறகு முன்னும் பின்னுமாக ஓடுகிற மின்சாரத்தை ஒரே திசையில் ஓடும்படி திருப்புகிறார்கள். அது கெபாசிட்டர் என்கிற உருளைகளில் நிரம்புகிறது. பாட்டுக்கு வேண்டிய மின்சாரம் அந்தத் தொட்டியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தொட்டிக்கு வருகிற குழாயில் கடைசி இரண்டு மீட்டரை மட்டும் வெள்ளியில் போட்டால் குளிக்கிற தண்ணீர் இனிக்குமா, சொல்லுங்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். கல்லூரியில் படித்த பௌதிகம் இப்படியாவது உபயோகப்படட்டும். சாதாரண ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக வர நான்கு மீட்டர் என்று வைத்துக் கொண்டால் அதன் தடை சுமார் 0.07 ஓம். 100 வாட் இழுக்கிற ஆம்ப்ளிஃபயர் அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும். ஆகவே அந்தக் கம்பியில் வழியிலேயே விரயமாவது 0.03 வோல்ட். ஒரு வோல்ட்டில் முப்பதில் ஒரு பங்கு! அத்தான் வீட்டிலோ, பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட் போட்டால் கூடத்து விளக்கே ஒரு தடவை கண் சிமிட்டுகிறது. சாயங்காலம் 6 மணிக்கு மீட்டரில் பார்த்தேன், 208 வோல்ட். இரவு 11 மணிக்கு 238. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பம் கம்பமாக அலுமினியக் கம்பியில் தொங்கிக் கொண்டும், சுவருக்குள் முப்பது வருஷப் பழைய ஒயரில் நெளிந்து கொண்டும் வருகிற மின்சாரத்தைக் கடைசி இரண்டு மீட்டரில் சீர்திருத்தி விடலாம் என்பது, குழந்தையைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முதல்நாள் பள்ளியில் சேர்க்கிற மாதிரி.

அத்தான் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "கணக்கு கணக்காவே இருக்கட்டும். காதுன்னு ஒண்ணு இருக்கே!" என்றார்.

நியாயம்தான். காது என்ன சொல்கிறது என்றே பார்த்து விடலாம் என்று தீர்மானித்தோம்.

இப்படிப்பட்ட பரீட்சை புதிதல்ல. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் 2004ஆம் வருஷம் சங்கீத ரசிகர்கள் சிலர் கூடி, மிகவும் விலை உயர்ந்த மின்சார ஒயரையும் பெட்டியோடு இலவசமாக வருகிற சாதாரண ஒயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார்கள். எது போட்டிருக்கிறது என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. மொத்தம் 149 விடைகளில் சரியானவை 73. அதாவது, காசைச் சுண்டிப் பூவா தலையா என்று பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் வந்திருக்கும். அவர்கள் ஒலி விஷயத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் என்பதை மறந்து விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பரீட்சை தொடங்கியது. பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவே அக்காளின் பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டினோம். லீவுக்கு வந்திருந்த பேத்தி, வயது ஒன்பது, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து காசைச் சுண்டினாள். பூ விழுந்தால் புது ஒயர், தலை விழுந்தால் பழைய ஒயர். ஆம்ப்ளிஃபயரை அணைத்து ஒயரை மாற்றுகிற வேலை என்னுடையது. ஒரே பாட்டு, ஒரே இடம். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் அனுமதி கிடையாது. இது முக்கியம். இரண்டில் ஒன்று இம்மியளவு உரக்கக் கேட்டால் கூட, "அதுதான் நன்றாக இருக்கிறது" என்று நம் காது தீர்ப்புச் சொல்லி விடும். காதுக்கு ஞாபக சக்தியும் கொஞ்சம்தான். மொத்தம் 16 தடவை என்று பேச்சு.

சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்று அத்தான் தம் சிநேகிதரை அழைத்து வந்திருந்தார். பக்கத்து ஊரில் கோயில் கைங்கரியம் செய்கிற நாகஸ்வர வித்வான், எழுபது வயதுப் பெரியவர். காதுக்கு அவரை விட்டால் அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்பது அத்தானின் அபிப்பிராயம்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டு காப்பி, ஒரு தட்டு முறுக்கு. முதல் நான்கு தடவை அத்தான் சற்றும் தயங்கவில்லை. "புதுசு! தவிலோட தொப்பி எப்படி விழுது பாரு!" என்று கை தட்டினார். ஏழாவது தடவைக்குமேல் புருவம் சுருங்கியது. பதினொன்றாவது தடவை, "கொஞ்சம் இரு, மறுபடி போடு" என்றார். பேத்தி உள்ளே களுக்கென்று சிரித்தாள். நான் அவளை முறைத்தேன். சிரிப்பு கூடத் துப்பாகி விடலாம் அல்லவா!

திரையை அவிழ்த்துக் காகிதத்தைச் சரி பார்த்தோம். பதினாறில் ஏழு சரி. மத்தியானத்துக்கு மேல் கண்டிஷனரையும் இப்படியே வைத்தும் எடுத்தும் பார்த்தோம். அதில் ஒன்பது. மொத்தம் 32க்கு 16. காசு சுண்டிய குழந்தையே இதற்கு மேல் வாங்கியிருப்பாள்.

யாரும் பேசவில்லை. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டிருந்தார். வெற்றி என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது ஏன் இந்த வேலையில் இறங்கினோம் என்றிருந்தது. அந்த ஒரு வாரமாக அவர் கேட்ட ஆனந்தம் பொய் என்று யாரால் சொல்ல முடியும்? அவர் கேட்டது நிஜம்தான். ஒயர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். புதுப் புடைவை உடுத்திய அன்று கண்ணாடியில் நம் முகமே கொஞ்சம் களையாகத் தெரிவதில்லையா, சகோதரிகளே?

அப்போது வித்வான் தொண்டையைக் கனைத்துக் கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்லலாமாய்யா? ஒயரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. ஆனா காலையிலேர்ந்து உங்க பெட்டிக்குள்ளே யாரோ ஒத்து ஊதிக்கிட்டே இருக்காங்களே! அதுவும் சுருதி சேராத ஒத்து."

எல்லாரும் காதைத் தீட்டிக் கொண்டோம். பாட்டை நிறுத்தினார் அத்தான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஆமாம்! 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம். மாதக் கணக்காகக் கேட்டுக் கேட்டுப் பழகிப் போனதால் வீட்டில் யாருக்குமே அது காதில் விழவில்லை. மின்விசிறிச் சத்தத்தோடு சத்தமாகப் போய்விட்டது. அறுபத்தைந்தாயிரம் ரூபாய் ஒயர் போட்டாலும் அந்த ரீங்காரம் இருந்தது, ஓசி ஒயர் போட்டாலும் இருந்தது.

அதுவரையில் வாசற்படியிலேயே உட்கார்ந்து மொச்சை உரித்துக் கொண்டிருந்த அக்காள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அது பாடறது மட்டும் இல்லை, சுர்ருன்னு இழுக்கவும் செய்யுது. தூசி துடைக்கும்போதெல்லாம் விரல்ல எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு. சொன்னா, பிரமைன்னார்."

அத்தான் மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். பெட்டியின் இரும்பு மூடியில் புறங்கையை மெல்ல வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

திங்கட்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்தார். திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. படித்த பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கலாம். அரை மணி நேரம் சுவர் சுவராகத் தடவி, கொல்லைப்புறத்துக்குப் போய், அங்கே துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குனிந்தவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அம்மா சொன்னது பிரமை இல்லே சார். வீட்டுக்கு எர்த்தே இல்லே!"

எல்லாரும் ஓடினோம். ஒரு காலத்தில் அங்கே எர்த் குழி இருந்திருக்கிறது. வீட்டிலிருந்து வருகிற கம்பி, குழாயோடு சேருகிற இடத்தில் துருப்பிடித்து இற்று, தனியே காற்றில் நீட்டிக் கொண்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ!

மூன்று முள் பிளக்கில் மேலே பெரிதாக ஒரு முள் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மற்ற இரண்டையும் விட நீளம், சுவரில் சொருகும்போது முதலில் தொடுவது அதுதான். பெட்டியின் வெளி இரும்பைப் பூமியோடு இணைப்பது அதன் வேலை. உள்ளே எங்கேயாவது மின்சாரம் கசிந்தால், அது நம் உடம்பைத் தேடி வராமல் அந்த வழியாகப் பூமிக்குப் போய்விடும். கசிவு பெரிதானால் ஃபியூஸ் போகும். இந்தக் காலத்துப் பெட்டிகளில் இரைச்சலை வடிகட்டுவதற்கென்றே உள்ளே வைத்திருக்கிற சிறு கெபாசிட்டர்கள் எப்போதும் துளி மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பிக் கொண்டிருக்கும். எர்த் இல்லாவிட்டால் அந்தத் துளி இரும்பு மூடியிலேயே நிற்கும். அக்காள் விரலைக் கடித்த எறும்பு அதுதான். அதுவே பாட்டுக் கம்பிகளின் வெளியுறை வழியாக, கேபிள் டி.வி. ஒயரைத் தேடிக் கொண்டு போகிறபோது ஸ்பீக்கரில் ரீங்காரமாகக் கேட்கிறது. ஒரே வியாதிக்கு இரண்டு அறிகுறி. கணவர் ஒன்றைப் பழக்கத்தால் தள்ளினார், மனைவி சொன்ன மற்றொன்றைப் பிரமை என்று தள்ளினார்.

எறும்புக் கடியால் ஆபத்து இல்லை. ஆனால் அதே எர்த்தை நம்பித்தானே கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, பிரிட்ஜ், துணி துவைக்கிற யந்திரம் எல்லாம் நிற்கின்றன? ஈரக் கையோடு பேத்தி போய்ப் பிரிட்ஜைத் திறக்கிறாள். உள்ளே ஒரு ஒயரின் உறை தேய்ந்திருந்தால்? அக்காள் அதைச் சொல்லவில்லை. குழந்தையை இழுத்துத் தன்னோடு அணைத்துக் கொண்டாள். அத்தான் முகம் வெளுத்து விட்டது.

இன்னொரு வேடிக்கையையும் எலக்ட்ரீஷியன் காட்டினார். அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைந்த விலையுள்ள கண்டிஷனர் இருக்கிறதே, இடி மின்னலின்போது வருகிற அதிக மின்சாரத்தைப் பூமிக்குத் தள்ளி விடும் என்று அதன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. பூமிக்குப் போக வழியே இல்லாத வீட்டில் அது எங்கே தள்ளும்? பாவம், அதன் மூடியிலும் சுர்ரென்றுதான் இருந்தது.

கண்டிஷனர்களே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள், வோல்ட்டேஜ் எக்கச்சக்கமாக ஏறி இறங்குகிற ஊரில் நல்ல ஸ்டெபிலைசர் வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம். வால்வுகளின் ஆயுள் நீடிக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு ஸர்ஜ் தடுப்பு நல்லது. பழைய மத்திய அலை ரேடியோவில் எல்.இ.டி. விளக்கும் மின்விசிறி ரெகுலேட்டரும் கரகரவென்று புகுந்தால், வடிகட்டியால் ஓரளவு குணம் தெரியலாம். கோடை எஃப்.எம். கேட்பவர்களுக்கு அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. ஆனால் இந்தச் சாமான்களுக்கெல்லாம் ஆயிரங்களில்தான் விலை, லட்சங்களில் அல்ல. நல்ல மின்சாரத்தைக் 'குரலுக்கு மெருகு, தவிலுக்கு அழுத்தம்' என்று விற்கும்போதுதான் விலை ஏறி விடுகிறது.

புதிதாகக் குழி வெட்டினார்கள். இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டார்கள். "கோடையில வாரத்துக்கு ரெண்டு குடம் ஊத்துங்கம்மா, காய விடாதீங்க" என்றார் எலக்ட்ரீஷியன். குழியிலிருந்து மீட்டர் பெட்டி வரை புதுக் கம்பி. எல்லாம் சேர்த்து, அத்தான் வாங்க இருந்த ஒயரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. மிச்சப் பணத்தில் வயரிங் முழுவதையும் மாற்றி, கசிவு கண்டால் தானே அணைந்து விடுகிற ஸ்விட்ச் ஒன்றும் வைக்க அன்றைக்கே பேசி முடித்தாயிற்று.

எர்த் வந்ததும் எறும்பு போயிற்று. ரீங்காரம் முக்கால்வாசி குறைந்தது. மிச்சம் கால்வாசிக்கு எலக்ட்ரீஷியன் கேபிள் டி.வி. ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினார். சட்டென்று நிசப்தம்! அந்த ஒயர் வேறு எங்கோ பூமியைத் தொட்டுக் கொண்டு, இந்த எர்த்தோடு சேர்ந்து ஒரு வளையம் போட்டிருந்ததாம். எல்லாப் பிளக்குகளையும் ஒரே பலகைக்கு மாற்றினார். கேபிளுக்கு நடுவில் மாட்ட ஒரு சிறு சாதனம் வாங்கி வரச் சொன்னார். சில நூறு ரூபாய்ச் சாமான்.

செவ்வாய்க்கிழமை பெங்களூர் வியாபாரிக்குப் பார்சல் கட்டினோம். பேத்தி அந்தக் கெட்டியான நீல ஒயரை, பாம்பு பாம்பு என்று கழுத்தில் போட்டுக் கொண்டு ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் கொடுத்தாள்.

நான் கிளம்புகிற அன்று மாலை வித்வான் மறுபடி வந்தார். அத்தான் காருகுறிச்சியாரின் ரிக்கார்டைப் போட்டார். ராகம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கணம், வெறும் ஒத்து மட்டும் கேட்டது. வித்வான் கண்ணை மூடிக் கொண்டு தலையசைத்தார். "இப்போ ஒரு ஒத்துதான் இருக்கு" என்றார்.

அக்காள் சமையலறையிலேயே நின்று கொண்டிருந்தாள். அத்தான் எழுந்து போய், கூடத்திலிருந்த நல்ல நாற்காலியை, அவர் எப்போதும் உட்கார்ந்து கேட்கிற அந்த நாற்காலியையே, கொஞ்சம் நகர்த்திப் போட்டார். "நீ வந்து உக்காரு. கேட்டுட்டுச் சொல்லு, சரியா இருக்கான்னு" என்றார்.

அக்காள் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டாள். ஐந்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் கேட்டாள். அத்தான் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி பக்கத்தில் நின்றார்.

"நல்லா இருக்குங்க. ஆனா, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்றாள்.

அத்தான் குறைத்தார். எனக்குத் திண்டுக்கல் பஸ்ஸுக்கு நேரமாகி விட்டது.